காயலான் கடைக் குண்டு

1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கின் பவுலிங் கிரீன் திடலில் நின்ற மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையைக் கூட்டம் கூடிக் கவிழ்த்தது. பொன்முலாம் பூசியிருந்தாலும் உள்ளே ஈயம். அதில் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிச்ஃபீல்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆலிவர் வோல்காட் என்பவர் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பெண்களும் பிள்ளைகளும் அதை உருக்கி 42,088 குண்டுகள் வார்த்ததாகக் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். இன்று அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்குத் தாங்களே ஈயக்குண்டு வார்த்துத் தோட்டா கட்டுகிறவர்கள் இந்த வீட்டை நினைப்பது குறைவு. எவரையும் அண்டாமல் காட்டில் திரிந்த எல்லைப்புற வேட்டைக்காரனைத்தான் தங்கள் முன்னோனாகச் சொல்லிக்கொள்வார்கள். லிச்ஃபீல்டுதான் உண்மைக்குக் கிட்டே நிற்கிறது என்பது என் கட்சி. இந்தக் கைத்தொழிலை வாழவைத்தது ஊர் கழித்துப்போட்ட ஈயம்.

1870-களில் எருமை வேட்டைக்குப் போனவர்கள் இரவில் தீ மூட்டிக் குண்டு வார்த்தது பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை. ஆனால் ஈயத்தைக் கட்டிகளாகவும் வெடிமருந்தைப் பீப்பாய்களாகவும் கடையில் வாங்கித்தான் வண்டியில் ஏற்றினார்கள். ஈயம் மிசூரி, இல்லினாய் பக்கத்துச் சுரங்கங்களின் சரக்கு. எருமைத் தோலைக் கிழக்கே கொண்டுபோன ரயில்தான் இதை மேற்கே கொண்டுவந்தது. தோட்டாவின் அடியில் பொருத்தி மருந்தைப் பற்றவைக்கும் கேப் இன்னும் ஒரு படி மேலே. அதைத் தீயோரத்தில் யாரும் செய்துவிட முடியாது. எட்வர்டு பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் 1860-களில் கொடுத்த அமைப்பில் பித்தளைக் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தள்ளினால் வெடித்த கேப் கழன்று விழும், கூடு மறுபடி உதவும். ஹைரம் பெர்டன் என்ற அமெரிக்கரின் அமைப்பிலோ துளைகள் நடுவை விட்டு விலகியிருக்கும். கேப்பைக் கழற்றுவது பெரும்பாடு. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கர்கள் ஆங்கிலேயருடையதையும், ஐரோப்பியர்கள் பெரும்பாலும் அமெரிக்கருடையதையும் எடுத்துக்கொண்டார்கள். பாக்ஸர் துளை அமெரிக்கத் தொழிற்சாலைகளின் பொதுவழக்கமாகிவிட்டதால்தான் ஜான் பார்லோ 1884-இல் நியூஹேவனில் ஐடியல் நிறுவனத்தைத் தொடங்கி, இடுக்கி போன்ற மறுகட்டு கருவிகளை வீடு வீடாகப் புழங்கச் செய்ய முடிந்தது.

தானியங்கிப் பிஸ்டல் வந்தபோது பிற தொழில்களை நம்பியிருந்த இந்தச் சார்பு பளிச்சென்று தெரிந்தது. அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்ற .45 பிஸ்டல் உலோக உறை போர்த்திய குண்டை நம்பி அமைந்தது. ரிவால்வரில் தோட்டா அதனதன் அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும். இங்கே அது மேகசினிலிருந்து பின்னாலிருந்து தள்ளப்பட்டு, சரிவில் மூக்கு உரசி ஏறி, குழலின் வாயில் நுழைய வேண்டும். வெறும் ஈயம் நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மை. மூக்கு நசுங்கினாலோ தோட்டா சற்றே நீண்டாலோ வழியில் சிக்கும். ஆகவே ஆண்டிமனி கலந்து கெட்டியான ஈயம் வேண்டும், சரிவில் வழுக்கும் வடிவமும் வேண்டும். வடிவத்தை ஹென்ஸ்லி அண்டு கிப்ஸ் போன்ற அச்சுப் பட்டறைகள் கொடுத்தன. அவர்களுடைய 68-ஆம் எண் அச்சு இலக்குச் சுடுபவர்களிடம் பேர்போனது. கெட்டி ஈயத்தைக் கொடுத்தவை செய்தித்தாள் அச்சகமும் டயர் கடையும். 1886-இல் நியூயார்க் ட்ரிப்யூனில் ஓடத் தொடங்கிய, அச்செழுத்து வார்க்கும் லினோடைப் இயந்திரத்தின் உலோகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் ஆண்டிமனி, 4 சதவீதம் வெள்ளீயம், மற்றது காரீயம். எழுத்தின் விளிம்பு கூராக விழ வேண்டுமென்று கலந்த கலவை குண்டின் விளிம்புக்கும் பொருந்திப்போயிற்று. சக்கரத்தை பேலன்ஸ் செய்ய மாட்டும் ஈயக்கட்டையிலும் சிறிது ஆண்டிமனி உண்டு. டயர் கடைக்காரர்கள் வாளி வாளியாகக் கொடுத்தார்கள்.

பணமில்லாமைதான் காரணம், தொழிற்சாலைத் தோட்டா விலைக்குக் கட்டுப்படியாகாதவர்கள் வார்த்தார்கள் என்பார்கள் சிலர். ஓரளவு சரிதான், இலக்குப் போட்டிக்குப் பழகுகிறவன் சுட்டுத் தள்ளுவதற்குக் கணக்கே இல்லை. ஆனால் சிக்கனம் ஏன் வார்க்க விரும்பினார்கள் என்பதைத்தான் சொல்லும். எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாது. சந்தை விலையில் காரீயமும் ஆண்டிமனியும் வெள்ளீயமும் தனித்தனியே வாங்கிக் கலப்பவனுக்கு மிச்சம் பிடிப்பது சுலபமில்லை. மலிவு முழுவதும் வேறொரு தொழில் தன் செலவில் கலந்து, பயன்படுத்தி, கழித்துவிட்டதால் வந்தது.

அந்தத் தொழில்கள் மாறியபோது நடந்ததே இதற்கு நல்ல சாட்சி. 1978 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் கடைசியாக ஈய எழுத்தில் அச்சாயிற்று. அச்சகங்கள் தொழிலை மாற்றியபோது ஈயம் கொஞ்ச காலம் வெள்ளமாக வந்து, பிறகு வற்றியது. ஈயம் நஞ்சு என்பதால் ஐரோப்பா 2005-இல் புது வாகனங்களில் ஈயச் சக்கரக் கட்டையை நிறுத்தியது. கலிபோர்னியா 2010-இல் தடை போட்டது. தடை தங்கள் சுதந்திரத்தின் மேல் கைவைப்பது என்று வார்ப்பவர்கள் பலர் குமுறினார்கள். குண்டை நினைத்து யாரும் அந்தச் சட்டங்களை எழுதவில்லை. சாலையோரம் கழன்று விழும் ஈயமே கவலை. மிசூரியின் ஹெர்குலேனியத்தில் தாதுவிலிருந்து ஈயம் பிரித்த அமெரிக்காவின் கடைசி உலையும் 2013 முடிவில் அணைந்தது. இப்போது டயர் கடை வாளியில் துத்தநாகமும் இரும்பும் கலந்து கிடக்கின்றன. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 420 டிகிரியை நெருங்கினால்தான். சூடு கவனிக்காமல் ஒரு துத்தநாகக் கட்டை கரைந்துவிட்டால் போதும், சட்டி உலோகம் கஞ்சிபோலாகி அச்சில் சரியாக நிறையாது. அதனால் வார்ப்பவர்கள் கட்டை கட்டையாக எடுத்து வெட்டுக்குறடால் கடித்துப் பார்க்கிறார்கள்: பல் பதிந்தால் சட்டிக்கு, பதியாவிட்டால் குப்பைக்கு.