இரண்டு மைக்குக்குள் அடங்காத உறுமி

என் தோள்பையில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது. மடிக்கணினி, இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக், ஒரு ஹெட்ஃபோன், நாலைந்து கேபிள். எல்லாம் சேர்த்து எட்டுக் கிலோகூட வராது. வாரநாளில் எனக்குத் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறுகளில் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கொம்யூட்டர் ரயிலில் ஏறிவிடுவேன். ஒரு வாரம் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி, மறுவாரம் கிள்ளானில் ஏதாவதொரு தாமான் வீடு. சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறவர்கள் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஸ்டூடியோ வாடகை கொடுக்க வசதியில்லாதவர்கள்.

நம்மூர்த் தமிழ் இசையின் கதையைச் சொல்கிறவர்கள் பாடகர்களைச் சொல்வார்கள், ஆல்பங்களைச் சொல்வார்கள், வானொலியைச் சொல்வார்கள். கருவியைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எந்த இசை பதிவானது, எது பதிவாகாமலே போனது என்பதைத் தீர்மானித்ததில் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எங்கே தூக்கிப்போக முடியும்? ஒரே நேரத்தில் அதில் எத்தனை மைக் செருகலாம்? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு பழைய கதையைத் திரும்பப் பார்க்கலாம்.

ஒலிப்பதிவு பிறந்தபோதே பயணப்பட்டுத்தான் பிறந்தது. 1902இல் கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் லண்டனிலிருந்து கருவிகளோடு கப்பலேறினார். அந்த நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பிறகு ஜப்பான், சீனா போய், 1903இல் சிங்கப்பூர் வழியாகத் திரும்பினார். அவரிடம் மின்சார மைக் கிடையாது. ஒரு தகரக் குழல், அதன் முனையில் ஊசி, ஊசிக்குக் கீழே மெழுகுத் தட்டு, அவ்வளவுதான். பாடுகிறவர் குழலுக்குள் தலையை நீட்டாத குறையாகப் பாட வேண்டும். சத்தமான வாத்தியம் பின்னால் தள்ளி உட்காரும். யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதுதான் அன்றைய மிக்ஸிங். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். தப்பினால் மொத்தமும் மறுபடி முதலிலிருந்து.

1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. அதன்பின் காந்த நாடா, அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள். 1967இல் பீட்டில்ஸின் புகழ்பெற்ற சார்ஜென்ட் பெப்பர் ஆல்பம் நான்கு தட இயந்திரங்களில் பதிவானது. குரலை இன்று பாடலாம், கித்தாரை நாளை வாசிக்கலாம். மிக்ஸிங் என்பது தனி வேலையாக ஆனது இதனால்தான். ஆனால் அந்த இயந்திரத்தின் விலைக்குத் தக்கபடி கட்டடமும் வேண்டியிருந்தது. இசை இருக்கும் இடத்துக்கு இயந்திரம் போனது போய், இயந்திரம் இருக்கும் இடத்துக்கு இசைக் கலைஞர் போக வேண்டிய காலம் வந்தது. தமிழ்ச் சினிமாவுக்கு அந்த இடம் கோடம்பாக்கம். நம்மூர்க்காரருக்கு வானொலியின் ஒலிப்பதிவுக்கூடம், இல்லாவிட்டால் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் தனியார் ஸ்டூடியோ. பத்துப் பேர் வாசிக்கும் ஒரு குழு மணிக்கணக்கு ஸ்டூடியோவில் நுழைவது லேசான காரியமா? கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் வாசித்து, வாசித்த இடத்திலேயே முடிந்துபோன வாத்திய இசைதான் நம்மிடம் அதிகம்.

திருப்பம் 1979இல் வந்தது. டியாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்ற கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் நான்கு தடம், கூடவே சின்ன மிக்ஸர், மேசை மேல் வைத்துவிடலாம். 1982இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பம் அதில்தான் வீட்டிலேயே பதிவானது. 1990களின் தொடக்கத்தில் அலெசிஸ் ஏடாட் வந்தது. எஸ்-விஎச்எஸ் வீடியோ நாடாவில் எட்டு டிஜிட்டல் தடங்கள். 1996இல் ரோலண்ட் விஎஸ்-880, நாடாவையே தூக்கிப்போட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கில் எட்டுத் தடங்களையும், மிக்ஸரையும், எஃபெக்ட்களையும் ஒரே பெட்டிக்குள் வைத்தது. கையில் தூக்கிப்போகும் டிஜிட்டல் ஸ்டூடியோ என்று நாம் சொல்வது இந்த வகையைத்தான். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு ஒட்டிக் கட்டிய ஸ்டூடியோவிலிருந்து 1992இல் 'ரோஜா' வந்திருந்தது. பெரிய கூடம் இல்லாமலும் பெரிய சத்தம் வரும் என்று தமிழ்க் காதுகள் பழகிக்கொண்ட வருடங்கள் அவை.

கோலாலம்பூரில் போயட்டிக் அம்மோ 1998இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் எல்லாம் ஒரே வட்டில். அந்தக் குழுவின் யோகி பி, பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடு சேர்ந்து 'நட்சத்ரா'வாக 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைத் தந்தார். அதில் எல்லார் வாயிலும் புகுந்தது 'மடை திறந்து'. மூலப்பாடல் 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையமைத்தது. இசையமைப்பாளராகத் துடிக்கும் ஓர் இளைஞனின் கனவாகப் படத்தில் வரும். வாத்தியக் குழு நிறைந்த ஒலிப்பதிவுக்கூடம்தான் அந்தக் கனவு. இருபத்தாறு வருடம் கழித்து கோலாலம்பூர் இளைஞர்கள் அதே பாட்டை எடுத்துக்கொண்டபோது அந்தக் குழுவும் தேவைப்படவில்லை, அந்தக் கூடமும் தேவைப்படவில்லை. தாளம் இயந்திரத்திலிருந்து வந்தது, மைக் முன்னால் நின்றது சொல். அடுத்த வருடமே 'பொல்லாதவன்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' மறுஆக்கத்தில் யோகி பி இருந்தார். 2016இல் 'கபாலி'யின் 'உலகம் ஒருவனுக்கா' பாட்டில் ரோஷன் ஜாம்ராக் ராப் செய்தார். கோடம்பாக்கத்துக்கு இங்கிருந்து ஒன்று ஏற்றுமதி ஆனது என்றால் அது ராப்தான்.

ஏன் ராப்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நகரத்து அடுக்குமாடிகளில் வந்து விழுந்த தலைமுறையின் கோபம் என்று விளக்குவார்கள். அது உண்மைதான். அதோடு பொறியியல் காரணம் ஒன்றையும் நான் சேர்ப்பேன். ராப்புக்கு ஒரே ஒரு மைக் போதும். படுக்கையறை போதும். பிரிக்பீல்ட்ஸில் நான் பதிவு செய்யும் அறைகளில் அலமாரியைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளுக்கு முன்னால் பாடுபவரை நிறுத்துவேன். பின்னால் மெத்தையைச் சாய்த்துவிட்டால் எதிரொலி அடங்கும். துன் சம்பந்தன் சாலைப் பக்கம் மோனோரயில் போனால் அடியில் ஓர் உறுமல் பதியும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெரும்பாலும் போய்விடும், ஏனென்றால் பேச்சுக்குரலுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. மீதமிருப்பதை மிக்ஸில் தாளம் மூடிக்கொள்ளும். அந்த அறையும் அந்தக் கருவியும் அந்த இசையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும்.

2011இல் ஃபோகஸ்ரைட்டின் 'ஸ்கார்லெட் 2ஐ2' வந்தது. பெயரிலேயே இருக்கிறது, இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. இந்த மாதிரி இரண்டு மைக் பெட்டிகள்தான் இன்று வீட்டு ஸ்டூடியோக்களின் அடையாளம். தனியாகப் பாடுகிறவருக்கு இது விடுதலை. ஆனால் எட்டுப் பேர் சேர்ந்து அடிக்கும் உறுமி மேளத்துக்கு?

கிள்ளானில் ஓர் உறுமிக் குழுவின் தலைவர் என்னைக் கூப்பிட்டபோது முதலில் ஒரு பழைய சிடியைப் போட்டுக் காட்டினார். வாடகை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. அறை சின்னது என்று ஒவ்வொருத்தராக உள்ளே விட்டு, காதில் கிளிக் சத்தம் கொடுத்து, தனித்தனியாக அடிக்க வைத்திருக்கிறார்கள். ஒரு பிசிறு இல்லை. உயிரும் இல்லை. "எல்லாம் கரெக்டாதான் இருக்கு தம்பி. ஆனா சாமி வராது" என்றார்.

அவர் சொன்னதைத் தொழில்நுட்பமாகவும் விளக்கலாம். கிளிக் என்பது நகராத வேகம். சாமி அழைக்கும் மேளத்தின் வேகம் ஏறிக்கொண்டே போகும். எப்போது ஏற்றுவது என்பதை ஆடுகிறவரின் காலைப் பார்த்துத் தலைவர் முடிவு செய்வார், மற்றவர்கள் அவர் தோளைப் பார்த்துப் பின்தொடர்வார்கள். தனித்தனியாகப் பதிந்தால் பார்க்க யாரும் இல்லை.

இன்னொரு சிக்கல் உறுமியிலேயே இருக்கிறது. ஒரு முகத்தை நேரான குச்சியால் அடிப்பார்கள், மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வரும் அந்த இழுவைதான் உறுமியின் பெயருக்குக் காரணம். அதன் பலம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்காது என்று மிக்ஸ் செய்கிறவர்கள் அடியின் 'டக்' சத்தத்தைத் தூக்கி, இழுவையை அமுக்கிவிடுவார்கள். மோனோரயிலுக்காக நான் வெட்டும் வெட்டை இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், உறுமி வெறும் தப்படியாகிவிடும்.

இதற்கான கருவி வந்து பல வருடமாகிறது. 2009இல் ஜூம் ஆர்16, 2015இல் ஜூம் எஃப்8. இரண்டிலும் ஒரே நேரத்தில் எட்டு மைக் பதியலாம், இரண்டும் பையில் அடங்கும். எட்டுச் செருகி கொண்ட ஒரு ரெக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு கிள்ளானில் ஒரு கோயில் வளாகத்துக்குப் போனோம். ஆளுக்கு ஒரு மைக் வைத்தால் தீர்ந்தது என்றும் இல்லை. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி எடுக்கும். பக்கத்து உறுமியின் சத்தம் இந்த மைக்கில் அந்தத் தாமதத்தோடு வந்து சேரும், இரண்டையும் கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், மேளம் மெலிந்து கேட்கும். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது மைக்குக்கும் மைக்குக்கும் இடையே இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அப்படித் தள்ளி நிறுத்தினால் அவர்களால் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை.

கடைசியில் இரண்டு மைக்கை ஜோடியாக நடுவில் உயரத்தில் வைத்து, அவர்கள் வழக்கமாக நிற்கும் அரைவட்டத்தில் நிற்கச் சொன்னோம். அதிகம் கேட்ட தவிலை இரண்டடி பின்னால் நகர்த்தினோம். ஜால்ராவை ஓரத்துக்கு அனுப்பினோம். மற்ற ஆறு மைக்கும் துணைக்கு மட்டும். கெய்ஸ்பெர்க் செய்த அதே வேலை, நூறு வருடத்துக்கு மேல் கழித்து. ஆக, இன்புட் எண்ணிக்கை பாதி விஷயம்தான். மீதிப் பாதி, கருவியைத் தூக்கிக்கொண்டு இசை நடக்கும் இடத்துக்குப் போவது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. தனியாகப் பதிகிறவர்கள் வேலையை நிறுத்தவில்லை. குரலை ஒருவர் அனுப்ப, தாளத்தை இன்னொருவர் சேர்க்க, பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன. திருவிழா நின்றதால் மேளக் குழுக்கள் மௌனமாயின. அந்த நாட்களில் என்னிடம் மிக்ஸிங்குக்கு வந்த பாட்டுகளில் உறுமி இருந்தது, ஆனால் எல்லாம் சாம்பிள். எப்போதோ யாரோ அடித்த நான்கு அடி, பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப. உறுமியென்றால் இதுதான் என்று ஒரு தலைமுறை நம்பிவிடலாம். முனியாண்டிக்கு ஓர் அடி, மதுரை வீரனுக்கு ஓர் அடி என்று தெரிந்து வைத்திருக்கும் பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ராப் பதிவதை நான் விடப்போவதில்லை. அது நம்மூர் சொத்து. கூடவே இன்னொன்றும் செய்யலாம். கோயில் வளாகத்தில் பதிந்ததை அந்தக் குழுவுக்கு அப்படியே, எட்டுத் தடங்களாக, மிக்ஸ் செய்யாத வேவ் கோப்புகளாகவும் கொடுத்தேன். இன்றைய மென்பொருள் நாளை திறக்காது, வேவ் திறக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டுத் தடம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 4.1 ஜிபி. திங்கு கிளானா சாலையில் ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஆகும் காசுக்கு அதைவிடப் பெரிய பென்டிரைவ் கிடைக்கும். தலைவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அப்பா அடிச்ச கேசட்டு ஒண்ணு வீட்ல இருக்கு, அதையும் இதுல ஏத்த முடியுமா?" என்று கேட்டார். முடியும். அப்படிப்பட்ட கேசட் உங்கள் வீட்டிலும் இருந்தால், நாடா பூஞ்சை பிடிப்பதற்கு முன்னால் எடுத்து வையுங்கள்.