கையின் விலையா, கதவின் விலையா?

1966 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் பயிற்சி முகாம் தொடங்கியபோது, அணியின் இரு பெரும் பந்துவீச்சாளர்கள் அங்கே வந்து சேரவில்லை. முந்தைய ஆண்டு 26 ஆட்டங்களை வென்று, உலகத் தொடரையும் ஏறக்குறையத் தன் இடது கையாலேயே வாங்கித் தந்த சாண்டி கூஃபாக்ஸ் ஒருவர். டான் டிரைஸ்டேல் மற்றவர். இருவரும் சேர்ந்துதான் கையெழுத்திடுவோம், மூன்றாண்டுக்கு இருவருக்குமாக 10 லட்சம் டாலர், எங்களுக்காகப் பேசப்போவது பில் ஹேய்ஸ் என்ற ஹாலிவுட் வழக்கறிஞர் என்றார்கள். வீரர்களுக்காக வெளியாள் வந்து பேசும் வழக்கமே இங்கே இல்லை என்றது நிர்வாகம். ஒரு மாதத்துக்கும் நீண்ட இந்த மல்லுக்கட்டின் முடிவில் கூஃபாக்ஸுக்கு 1,25,000 டாலர், டிரைஸ்டேலுக்கு 1,10,000 டாலர், அதுவும் ஓராண்டுக்கு மட்டும். அந்தக் காலத்துக்குப் பெரிய சம்பளம்தான். ஆனால் அன்று உலகிலேயே சிறந்த பந்துவீச்சாளர் என்று பெயரெடுத்தவர், பேரம் பேசத் தெரிந்த வழக்கறிஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டும், கேட்டதைப் பெற முடியவில்லை. காரணம் எளிது. சென்ற இதழ்களில் பார்த்த ரிசர்வ் விதி, 1879இல் உரிமையாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட அந்த ஏற்பாடு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைப் பழைய அணியோடே கட்டிப்போட்டது. அவர்கள் இருவரும் சினிமாவில் நடிக்கப் போகலாம், அதற்கு ஒரு வாய்ப்பும் கையில் இருந்தது. வேறோர் அணிக்குப் போக முடியாது.

எட்டாண்டு கழித்து இதே சோதனை தலைகீழாக நடந்தது. ஓக்லண்ட் அணியின் ‘கேட்ஃபிஷ்’ ஹன்டர் 1974இல் 25 ஆட்டங்களை வென்றார். அந்த ஆண்டு அவருடைய சம்பளம் 1,00,000 டாலர். அதில் பாதியை அவர் பெயரில் காப்பீட்டு நிறுவனத்தின் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்படிப் போட்டால் வரிச்சலுகை உடனே கிடைக்காது என்று தெரிந்ததும் உரிமையாளர் சார்லி ஃபின்லி கையை விரித்தார். வழக்கு நடுவர் பீட்டர் சீட்ஸ் முன்பு வந்தது. ஒப்பந்தத்தை மீறியது அணிதான், ஆகவே வீரர் விடுதலை என்று அவர் தீர்ப்பளித்தார். உடனே வட கரோலைனா மாநிலத்தில் அஹாஸ்கி என்ற சிற்றூரை நோக்கி அணி நிர்வாகிகள் படையெடுத்தார்கள். ஹன்டருக்காகப் பேசியவர்கள் ஹாலிவுட் வழக்கறிஞர்கள் அல்லர். உள்ளூர் வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வக்கீல் அலுவலகத்தினர். பேரம் என்று அவர்கள் பெரிதாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை; வாசலில் நின்றவர்களே ஒருவரை ஒருவர் விஞ்சி விலையை ஏற்றினார்கள். டிசம்பர் 31 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியோடு ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் டாலருக்குக் கையெழுத்தானது. இந்த எட்டாண்டில் விலைவாசி ஏறியிருக்காதா என்று கேட்கலாம். ஏறியது உண்மை. ஆனால் ஒப்பிட வேண்டியது கூஃபாக்ஸின் சம்பளத்தோடு அல்ல, அதே 1974இல் அதே ஹன்டர் வாங்கிய சம்பளத்தோடு. சில மாதங்களுக்குள் அவர் கையில் புதிய திறமை எதுவும் முளைத்துவிடவில்லை. திறந்தது கதவு மட்டுமே.

ஓராண்டு கழித்து, 1975 டிசம்பர் 23 அன்று, அதே சீட்ஸ், மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரு வீரர்களின் வழக்கில் ரிசர்வ் விதியின் முதுகெலும்பையே முறித்தார். உரிமையாளர்கள் உடனே அவரைப் பதவியிலிருந்து நீக்கியது வேறு கதை. அதன்பின் நடந்ததுதான் இந்தத் தொடரின் மிக நுட்பமான இடம். எல்லா வீரர்களையும் ஆண்டுதோறும் விடுதலை செய்துவிடுங்கள் என்று உரிமையாளர்கள் பக்கமிருந்து சொன்னவர் ஒரே ஒருவர், அதே ஃபின்லி. கஞ்சத்தனத்துக்குப் பெயர்போன அவருக்குச் சந்தையின் அரிச்சுவடி தெரிந்திருந்தது: நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை விழும். வீரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லரும் இதையே அறிந்திருந்தார், இதற்கே அஞ்சினார். நல்லவேளையாக மற்ற உரிமையாளர்கள் ஃபின்லியின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1976 உடன்பாட்டில் ஆறு ஆண்டு ஆடிய பிறகே விடுதலை என்று முடிவானது. அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் சந்தைக்கு வருவோர் சிலரே. வாங்க நினைக்கும் அணிகளோ பல. நட்சத்திரங்களின் விலை ஏறியதற்கு எந்த முகவரின் சாமர்த்தியத்தையும்விட இந்த ஆறு என்ற எண் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, அதற்கு அப்பால் வாங்குபவர் நிற்கவும் வேண்டும். 1987 மார்ச்சில் ஆண்ட்ரே டாசன் விடுதலை பெற்ற வீரர். மான்ட்ரியால் மைதானத்தின் செயற்கைத் தரையில் அவர் முழங்கால்கள் தேய்ந்து போயிருந்ததால், சிகாகோ கப்ஸ் அணியின் புல்தரையை விரும்பினார். அவருடைய முகவர் டிக் மாஸ் சாதாரண ஆள் அல்ல. வீரர் சங்கத்தின் வழக்கறிஞராக இருந்து மெஸ்ஸர்ஸ்மித் வழக்கை வாதாடி வென்றவரே அவர்தான். அந்த மாஸ், தொகை எழுதாத ஒப்பந்தத்தைக் கப்ஸ் நிர்வாகத்திடம் நீட்டி, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலை. அவர்கள் நிரப்பிய அடிப்படைச் சம்பளம் 5,00,000 டாலர். அந்தப் பருவத்தில் டாசன் 49 ஹோம் ரன் அடித்து லீகின் மிக மதிப்புமிக்க வீரரானார். புல்தரை ஆசையால் அவராகவே மலிவாகப் போனார் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏனென்றால் அந்த ஆண்டுகளில் பிற அணிகளின் வீரர்களுக்கு விலை கேட்பதில்லை என்று உரிமையாளர்கள் இரகசியமாகக் கைகோத்திருந்தது பின்னர் நடுவர்கள் முன் நிரூபணமானது. 1990இல் 28 கோடி டாலர் இழப்பீடு தர அவர்கள் இணங்கினார்கள். மாஸின் வாதத்திறமை 1975இல் இருந்ததைவிட 1987இல் குறைந்தா போயிருக்கும்?

இந்த வெளிச்சத்தில்தான் ஒப்பந்த நீட்டிப்பு என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு வீரர் முதல் மூன்றாண்டு ஏறக்குறையக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடுகிறார். அடுத்த மூன்றாண்டு நடுவர் முன் சம்பளத்துக்காக வாதிடலாம். ஆறு முடிந்தால் விடுதலை. நீட்டிப்பு என்பது அந்த விடுதலை ஆண்டுகளை, அவை வருவதற்கு முன்பே, அணி முன்பணம் கொடுத்து வாங்கிக்கொள்வது. அறுவடைக்கு முன் பச்சைக்கதிரில் விலை பேசும் வியாபாரி செய்வதும் இதுதான்: இன்றைய உறுதி உனக்கு, நாளைய உயர்வு எனக்கு. 1990களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் அணியின் ஜான் ஹார்ட் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார். 2008இல் டாம்பா பே அணி, எவன் லாங்கோரியா பெரிய லீகில் கால்வைத்த ஒரே வாரத்துக்குள் ஆறாண்டுக்கு 1.75 கோடி டாலர் என்று எழுதி வாங்கிக்கொண்டது. 2019 ஏப்ரலில் அட்லாண்டா அணி 21 வயது ரொனால்ட் அகுன்யாவுக்கு எட்டாண்டுக்கு 10 கோடியும், ஓசி ஆல்பீஸுக்கு ஏழாண்டுக்கு 3.5 கோடியும் கொடுத்தது. இரண்டாவதைப் பார்த்துப் பேஸ்பால் உலகமே முகவரைத் திட்டியது.

திட்டியவர்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. முகவர் விலையை ஏற்றிவிடும் பேராசைக்காரர் என்பது பொதுப் பேச்சு. ஆனால் கமிஷன், வழக்கமாக ஐந்து சதவீதம் வரை, கையெழுத்தானால்தான் வரும். ஆறாண்டு காத்திருப்பதற்குள் வீரர் வேறு முகவரிடம் போய்விடலாம். ஆகவே சிறிய முகவருக்கு இன்றைய மலிவான நீட்டிப்பு, நாளைய பெரிய விலையைவிட இனிக்கும். அவருடைய செல்வாக்கு சில நேரம் விலையை இறக்குகிறது. ஸ்காட் போராஸ் வேறுபடுவது இங்கேதான். முன்னாள் சிற்றணி வீரர், சட்டம் படித்தவர், ஏராளமான வாடிக்கையாளர்களைக் கொண்டவர். ஒருவருக்காகக் காத்திருக்க அவரால் முடியும். அவர் விற்பது பேச்சுத்திறனை அல்ல, பொறுமையை. ஹுவான் சோட்டோவுக்கு 2022இல் வாஷிங்டன் அணி நீட்டிய 15 ஆண்டு, 44 கோடி டாலர் ஒப்பந்தம் மறுக்கப்பட்டபோது பலர் சிரித்தார்கள். 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அதே 15 ஆண்டுக்கு 76.5 கோடி கொடுத்தது. யாங்கீஸ் 76 கோடி வரை வந்து நின்றது. இரண்டு முறையும் முகவர் போராஸ்தான். முதல் முறை எதிரே ஒரே அணி, இரண்டாம் முறை பணக்கார அணிகள் பல.

அப்படியானால் நீட்டிப்பில் கையெழுத்திட்டவர்கள் ஏமாளிகளா என்றால், இல்லை. அகுன்யா 2023இல் 41 ஹோம் ரன், 73 தளத் திருட்டு என்று யாரும் தொடாத சாதனை செய்தபோது அவர் சம்பளம் சந்தையில் பாதிகூட இல்லை. ஆனால் 2021இல் ஒரு முழங்காலிலும் 2024இல் மறு முழங்காலிலும் தசைநார் கிழிந்தவரும் அவரே. அணிக்கும் இதே சூதாட்டம்தான். 2019இல் வாஷிங்டனோடு 24.5 கோடிக்குக் கையெழுத்திட்ட ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் அதன்பின் எட்டே ஆட்டங்களில் பந்து வீசினார். 2011இல் ஜெரட் வீவர், காத்திருக்கச் சொன்ன போராஸின் யோசனையை மீறி, சொந்த ஊர்ப்பக்கத்து அணியோடு 8.5 கோடிக்கு நீட்டித்துக்கொண்டார். அதில் தவறு என்ன? போகும் உரிமை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் தங்குவதற்கும் அந்த விலை கிடைத்தது.

இது நன்றாகத் தெரிந்தவர்கள் அணி நிர்வாகிகள். விடுதலைக்கான ஆறு ஆண்டுகளை எண்ணும் கணக்கில் ஓராண்டு என்பது பெரிய லீகில் 172 நாள். 2015 வசந்தத்தில் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட், பயிற்சி ஆட்டங்களில் வெளுத்து வாங்கிய பிறகும், சிற்றணிக்கு அனுப்பப்பட்டார். பருவம் தொடங்கிச் சில நாள் கழித்து, ஏப்ரல் 17 அன்றுதான் அழைக்கப்பட்டார். தற்காப்பு ஆட்டத்தை இன்னும் மெருகேற்ற வேண்டியிருந்தது என்று காரணம் சொன்னார்கள். அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம், மறு ஆண்டு லீகின் மிக மதிப்புமிக்க வீரர். 108 ஆண்டு காத்திருந்த அணிக்கு உலகத் தொடரும் கிடைத்தது. வேண்டுமென்றே தாமதித்தார்கள் என்ற அவருடைய புகார் 2020இல் நடுவர் முன் தள்ளுபடியானது. விடுதலை ஓராண்டு தள்ளிப் போனது. அவருக்கும் முகவர் போராஸ்தான். முதல் பருவத்துக்கு பிரையன்ட் கணக்கில் எழுதப்பட்டவை 171 நாட்கள்.