மோனிகா செலஸ்: ஒரே ஒரு கத்திக்குத்து மகளிர் டென்னிஸின் கணக்கையே மாற்றியது எப்படி?

20 வயது நிறைவதற்குள் 8 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள். அதற்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை, ஒன்றே ஒன்று.

மோனிகா செலஸின் டென்னிஸ் வாழ்க்கையை இந்த இரண்டு எண்களுக்குள் சுருக்கிவிடலாம். நடுவில் இருப்பது 1993 ஏப்ரல் 30ஆம் தேதி. அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆட்டத்தின் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உலகின் நம்பர் 1 வீராங்கனையை ரசிகர் ஒருவர் பின்னாலிருந்து கத்தியால் குத்தினார்.

அதன்பின் செலஸுக்கு என்ன ஆச்சு? குத்தியவருக்கு என்ன தண்டனை கிடைச்சது? காயத்தால் ஆட முடியாமல் போனவரின் தரவரிசையைக் காப்பாற்ற சக வீராங்கனைகள் ஏன் மறுத்தார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த மோனிகா செலஸ்?

அன்றைய யுகோஸ்லாவியாவில், இன்றைய செர்பியாவில் இருக்கும் நோவி சாட் நகரில் 1973 டிசம்பர் 2ஆம் தேதி பிறந்தவர் செலஸ். ஹங்கேரிய வம்சாவளிக் குடும்பம். அப்பா காரோலி செலஸ் கார்ட்டூனிஸ்ட். மகளுக்கு முதல் பயிற்சியாளரும் அவர்தான்.

டென்னிஸ் மைதானமெல்லாம் கிடையாது. வாகன நிறுத்துமிடத்தில்தான் பயிற்சி. சின்னப் பெண்ணுக்குச் சலிப்புத் தட்டக்கூடாது என்று பந்துகளில் கார்ட்டூன் உருவங்களை வரைந்து கொடுத்து, அதை அடிக்கச் சொல்வாராம் அப்பா.

செலஸ் இடது கைக்காரர். ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டையுமே இரு கைகளாலும் அடிப்பார். இரண்டு கையால் அடித்தால் பந்தை எட்டும் தூரம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் செலஸ் கோட்டை ஒட்டி முன்னால் நின்று, பந்து எழும்பும்போதே அடித்துவிடுவார். எதிராளிக்கு யோசிக்கவே நேரம் இருக்காது. எந்தப் பக்கம் அடிக்கப்போகிறார் என்பதையும் கடைசி நொடி வரை கணிக்க முடியாது.

1986இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள நிக் பொலெட்டியரியின் அகாடமிக்குப் போனார். 1989இல், 15 வயதில், ஹூஸ்டனில் தன் முதல் பெரிய பட்டத்தை வென்றார். அந்த இறுதிப்போட்டியில் அவரிடம் தோற்றவர் கிறிஸ் எவர்ட்.

எவ்வளவு பெரிய ஆதிக்கம் அது?

அப்போது மகளிர் டென்னிஸில் ஒரே ராணி, ஸ்டெஃபி கிராஃப். 1988இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே ஆண்டில் வென்றவர். 1990இல் தொடர்ந்து 66 ஆட்டங்கள் தோற்காமல் இருந்தவரின் ஓட்டத்தை, அவர் சொந்த மண்ணான பெர்லினிலேயே முடித்து வைத்தவர் செலஸ்.

சில வாரங்களிலேயே பிரெஞ்சு ஓபன் இறுதிப்போட்டியில் மறுபடியும் இருவரும் மோதினார்கள். முதல் செட் டை-பிரேக்கரில் 2-6 என்று பின்தங்கியிருந்த செலஸ், நான்கு செட் பாயின்ட்களைக் காப்பாற்றி அந்த செட்டை எடுத்தார். 7-6, 6-4. வயது 16 ஆண்டு 6 மாதம். பிரெஞ்சு ஓபன் மகளிர் ஒற்றையர் பட்டத்தை இவரை விடக் குறைந்த வயதில் யாரும் வென்றதில்லை.

அதன்பின் நடந்தவை:

* 1991: ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், யு.எஸ். ஓபன். காலில் ஏற்பட்ட காயத்தால் விம்பிள்டனில் ஆடவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில், தொடர்ந்து 186 வாரங்கள் முதலிடத்தில் இருந்த கிராஃபை இறக்கிவிட்டு நம்பர் 1 ஆனார்.
* 1992: மறுபடியும் அதே மூன்று பட்டங்கள். விம்பிள்டனில் இறுதி வரை போய் கிராஃபிடம் தோல்வி.
* 1993: ஆஸ்திரேலிய ஓபன். இறுதியில் கிராஃபை 4-6, 6-3, 6-2 என வென்றார்.

1991 தொடக்கத்திலிருந்து 1993 பிப்ரவரி வரை அவர் ஆடிய 34 தொடர்களில் 33இல் இறுதிப்போட்டி வரை போனார். அதில் 22இல் பட்டம்.

அந்த 1992 விம்பிள்டனில் ஒரு சர்ச்சையும் உண்டு. பந்தை அடிக்கும்போது செலஸ் எழுப்பும் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று மார்ட்டினா நவரத்திலோவா உட்பட எதிர்த்து ஆடியவர்கள் நடுவரிடம் புகார் செய்தார்கள். இறுதிப்போட்டியில் செலஸ் சத்தமே போடாமல் ஆடினார். 2-6, 1-6 எனத் தோற்றார்.

ஹாம்பர்க்கில் என்ன நடந்தது?

1993 ஏப்ரல் 30. காலிறுதி. எதிரில் பல்கேரியாவின் மாக்தலேனா மலீவா. செலஸ் 6-4, 4-3 என முன்னிலையில் இருந்தார். பக்கம் மாறும் இடைவேளையில், பார்வையாளர் பகுதிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தண்ணீர் குடிக்கக் குனிந்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற குந்தர் பார்ஷே என்ற 38 வயது ஆள், இறைச்சி அறுக்கும் நீளமான கத்தியால் அவர் முதுகில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே குத்தினார். குத்திய நேரத்தில் செலஸ் முன்னால் குனிந்திருந்ததால் கத்தி சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தோடு நின்றது. இரண்டாவது முறை கை ஓங்குவதற்குள் ஆளை மடக்கிவிட்டார்கள்.

பார்ஷே, ஸ்டெஃபி கிராஃபின் தீவிர ரசிகர். கிராஃப் மறுபடியும் நம்பர் 1 ஆக வேண்டும், அதற்காக செலஸை ஆட முடியாமல் செய்ய வேண்டும் என்பதே நோக்கம் என்று அவரே சொன்னார். இதற்கும் கிராஃபுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் மருத்துவமனைக்குப் போய் செலஸைப் பார்த்தார்.

ஆனால் தொடர் நிற்கவில்லை. உலகின் நம்பர் 1 வீராங்கனை மைதானத்திலேயே குத்துப்பட்ட பிறகும் மீதி ஆட்டங்கள் நடந்து, ஒருவர் கோப்பையையும் வாங்கினார். இது செலஸை நீண்ட காலம் உறுத்திய விஷயம்.

குத்தியவருக்கு என்ன தண்டனை?

சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அதாவது, தீர்ப்புக்குப் பிறகு பார்ஷே சிறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

உடல் காயம் ஏற்படுத்திய குற்றத்துக்காக 1993 அக்டோபரில் ஹாம்பர்க் நீதிமன்றம் அவருக்கு 2 ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை விதித்தது. அவருடைய மனநிலை கணக்கில் எடுக்கப்பட்டது. மேல்முறையீட்டில், 1995இல் வந்த தீர்ப்பும் அதையே உறுதி செய்தது. அதன்பின் செலஸ் ஜெர்மனி மண்ணில் போட்டி டென்னிஸ் ஆடவே இல்லை.

தரவரிசை சர்ச்சை என்ன?

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

டென்னிஸ் தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் எடுத்த புள்ளிகளை வைத்து ஓடுவது. போன ஆண்டு ஒரு தொடரில் வாங்கிய புள்ளி, இந்த ஆண்டு அதே வாரம் வந்ததும் கழிந்துவிடும். மறுபடி ஆடினால்தான் புதுப் புள்ளி. ஆடாமல் வீட்டில் இருந்தால் ஒவ்வொரு வாரமும் கணக்கு கரையும்.

சாதாரணக் காயம் என்றால் அது விளையாட்டின் ஒரு பகுதி. ஆனால் ஒருவரை முதலிடத்திலிருந்து இறக்கவே வேலை நேரத்தில் கத்தியால் குத்தினால்? அப்போதும் புள்ளியைக் கழிப்பது நியாயமா?

செலஸ் திரும்பி வரும் வரை அவருடைய முதலிடத்தை அப்படியே வைத்திருக்கலாமா என்று முன்னணி வீராங்கனைகளிடம் கேட்கப்பட்டது. அவர்கள் மறுத்தார்கள். எதிர்த்து வாக்களிக்காமல் விலகி நின்றவர் அர்ஜென்டினாவின் கேப்ரியேலா சபாட்டினி மட்டும்தான்.

மறுத்தவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருந்தது. தரவரிசையை வைத்துத்தான் தொடரில் இடம், எதிராளி யார் என்பது, விளம்பர ஒப்பந்தம் எல்லாமே அமைகிறது. ஆடாத ஒருவருக்கு முதலிடம் கொடுத்தால் கீழே உள்ள எல்லோரும் ஒரு படி இறங்கித்தான் நிற்க வேண்டும். ஆனால் அந்த முடிவின் விளைவு என்ன? 1993 ஜூனில் கிராஃப் மறுபடி நம்பர் 1 ஆனார். கத்தி எடுத்தவர் எதை விரும்பினாரோ, அதுவே நடந்தது.

சின்னக் காயம்தானே, ஏன் 2 ஆண்டுக்கு மேல் ஆடவில்லை?

அப்போதே பலர் கேட்ட கேள்வி இது. முதுகுக் காயம் சில மாதங்களில் ஆறிவிட்டது. மனம் ஆறவில்லை.

தனக்கு மிகப் பாதுகாப்பான இடம் டென்னிஸ் மைதானம்தான் என்று நம்பியிருந்த 19 வயதுப் பெண் அவர். அங்கேயே குத்துப்பட்டதும் பயம், தூக்கமின்மை, மன அழுத்தம் எல்லாம் சேர்ந்து வந்தன. அதே ஆண்டில் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. துக்கம் வரும்போதெல்லாம் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் கோளாறு அவரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து மீள ஏறத்தாழ பத்து ஆண்டுகள் போராடியதை 2009இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். விளையாட்டு வீரர்களின் மனநலம் பற்றி இன்று போல வெளிப்படையாகப் பேசாத காலம் அது. "திரும்பி வராமல் என்ன செய்கிறார்?" என்ற கேள்வி மட்டுமே அவரைத் துரத்தியது.

திரும்பி வந்த பிறகு?

1995 ஆகஸ்டில் கனடிய ஓபனில் களமிறங்கினார் செலஸ். அப்போது அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். இந்த முறை கிராஃபுடன் சேர்த்து அவருக்கு 'இணை நம்பர் 1' அந்தஸ்து தரப்பட்டது. வீராங்கனைகள் சங்கத்தின் தலைவராக இருந்த நவரத்திலோவா இதற்குக் குரல் கொடுத்தார். சத்தம் போடுகிறார் என்று ஒரு காலத்தில் புகார் செய்தவரும் அவரேதான்!

அந்தத் தொடரை வென்றே காட்டினார் செலஸ். இறுதி ஸ்கோர் 6-0, 6-1. அடுத்து யு.எஸ். ஓபன் இறுதிப்போட்டியில் கிராஃப். முதல் செட் டை-பிரேக்கரில் செட் பாயின்ட். சர்வ் உள்ளே விழுந்துவிட்டது என்று செலஸ் நினைத்தார். வெளியே என்றார் கோட்டு நடுவர். செட் போனது. இரண்டாவது செட்டை 6-0 என எடுத்தும், மூன்றாவது செட்டில் தோற்றார்.

1996இல் ஆஸ்திரேலிய ஓபன் கிடைத்தது. அதுவே கடைசி கிராண்ட்ஸ்லாம். 1998 மே மாதம் அப்பா இறந்தார். சில வாரங்களில் பிரெஞ்சு ஓபனில் ஆடி, இறுதி வரை போய் அரன்சா சான்செஸ் விகாரியோவிடம் தோற்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். 2003 பிரெஞ்சு ஓபனில் கடைசியாக ஆடினார். ஓய்வை முறைப்படி அறிவித்தது 2008 பிப்ரவரியில்.

ஒட்டுமொத்தமாக 9 கிராண்ட்ஸ்லாம், 53 ஒற்றையர் பட்டங்கள், 178 வாரங்கள் நம்பர் 1. 2009இல் சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் இடம் பெற்றார்.

குத்துப்படாமல் இருந்திருந்தால்?

இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்கலாம். கிராஃபின் 22 கிராண்ட்ஸ்லாம்களில் 11, ஹாம்பர்க் சம்பவத்துக்கு முன்பு வென்றவை. மீதி 11, அதற்குப் பின்பு. செலஸ் ஆடாமல் போன 10 கிராண்ட்ஸ்லாம்களில் 6ஐ கிராஃப் வென்றார். சம்பவத்துக்கு முன் இருவரும் மோதிய நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளில் மூன்றை வென்றவர் செலஸ்.

இதை வைத்து அந்த ஆறும் செலஸுக்கே என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆறில் இரண்டு விம்பிள்டன். புல்தரையில் செலஸ் கிராஃபை வென்றதே இல்லை. கிராஃப் அதற்கு முன்பே ஜாம்பவான். தன் தவறே இல்லாமல் தன் சாதனையின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைச் சுமக்க வேண்டி வந்தது அவருக்கும்தான் நஷ்டம்.

இப்போது விதிகள் மாறிவிட்டனவா?

பாதுகாப்பு உடனே மாறியது. இடைவேளையில் வீரர்களின் நாற்காலிக்குப் பின்னால், ஆட்டத்தைப் பார்க்காமல் கூட்டத்தையே பார்த்தபடி காவலர்கள் நிற்பதை டிவியில் கவனித்திருப்பீர்கள். ஹாம்பர்க் கற்றுக்கொடுத்த பாடம் அது.

தரவரிசை விஷயத்தில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. இப்போது நீண்ட காலம் காயத்தால் விலகும் வீராங்கனை, 'சிறப்புத் தரவரிசை' கேட்டுப் பெறலாம். விலகியபோது இருந்த இடத்தை வைத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தொடர்களில் நேரடியாக நுழையலாம். 2017இல் நம்பர் 1 ஆக இருந்தபோது குழந்தைப்பேறுக்காக விலகிய செரீனா வில்லியம்ஸ், 2018 பிரெஞ்சு ஓபனுக்குத் திரும்பியபோது அவருக்கு சீடிங் கிடைக்கவில்லை. பெரும் விவாதம் எழுந்தது. அந்த ஆண்டு இறுதியில், குழந்தை பிறந்து 3 ஆண்டுகள் வரை சிறப்புத் தரவரிசையைப் பயன்படுத்தலாம் என்று விதி திருத்தப்பட்டது. தன் தவறில்லாமல் ஆட்டத்தை விட்டு விலகி நிற்பவருக்கு அவருடைய இடத்தை வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, 1993இல் 'வேண்டாம்' என்று சொன்ன அதே விளையாட்டு எடுத்த முடிவு இது.

செலஸ் இப்போது எப்படி இருக்கிறார்?

2025 ஆகஸ்டில், தனக்கு மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோய் இருப்பதை செலஸ் வெளியே சொன்னார். நரம்பிலிருந்து தசைக்குப் போக வேண்டிய உத்தரவை, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தடுத்துவிடும் நோய் இது. தசைகள் சீக்கிரம் சோர்ந்துவிடும். டென்னிஸ் ஆடும்போது ஒரு பந்து இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததுதான் முதல் அறிகுறிகளில் ஒன்று. முழுமையாகக் குணப்படுத்த முடியாது என்றாலும், சிகிச்சையால் கட்டுப்படுத்தலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நோய் உறுதியானாலும், அதைப் பற்றிப் பேசும் மனநிலைக்கு வர இவ்வளவு காலம் ஆனது. இப்படி ஒரு நோய் இருப்பதே தனக்கு முன்பு தெரியாது. மற்றவர்களுக்காவது தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன் என்பது அவர் தரும் விளக்கம். கத்திக்குத்துக்குப் பிறகு வந்த மனவேதனையைப் பல ஆண்டுகள் தனக்குள்ளேயே வைத்திருந்தவர், இந்த முறை அத்தனை காலம் காத்திருக்கவில்லை.