கள்ளச்சந்தை சொல்லிக்கொடுத்த பாடம்: சைபர்பங்க் 2077-க்கு முன்னும் பின்னும்

2020 டிசம்பர் 10-ஆம் தேதி சைபர்பங்க் 2077 வெளியானது. ஒரு வாரம்தான். சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. இவ்வளவு பெரிய கேமுக்கு இப்படி நடப்பது ரொம்ப அபூர்வம்.

அப்போது எல்லாரும் பக்-களைப் பற்றித்தான் பேசினார்கள். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு பக் என்பது தினசரிச் சோறு மாதிரி. என்னை இழுத்தது வேறு விஷயம். இந்த கேமைச் செய்த போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட், வாங்குகிறவர்களின் நம்பிக்கையை மட்டுமே முதலாகப் போட்டு வளர்ந்த கம்பெனி. அது எப்படி இங்கே வந்து நின்றது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும்.

போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி 1989-ல் முடிந்தது. ஆனால் கம்ப்யூட்டர் மென்பொருளைப் பாதுகாக்கும் பதிப்புரிமைச் சட்டம் 1994-ல்தான் வந்தது. அதுவரை தலைநகர் வார்சாவின் கம்ப்யூட்டர் சந்தைகளில் நகலெடுத்த கேம்களை வெளிப்படையாகவே விற்றார்கள். மார்சின் இவின்ஸ்கி, மிஹாவ் கிச்சின்ஸ்கி என்ற இரண்டு பள்ளி நண்பர்கள் வியாபாரம் கற்றுக்கொண்டது அங்கேதான். 1994-ல் இவர்கள் சிடி ப்ராஜெக்ட்டை ஆரம்பித்தார்கள். வெளிநாட்டிலிருந்து கேம் சிடிகளை இறக்குமதி செய்து விற்பதுதான் தொழில்.

சட்டம் வந்ததும் திருட்டு நகல் நின்றுவிடுமா என்ன? நிற்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்த வழிதான் சுவாரசியம். 1999-ல் பால்டர்ஸ் கேட் என்ற கேமை முழுக்க போலிஷ் மொழியில் கொண்டுவந்தார்கள். அந்த ஊரில் பெயர் பெற்ற நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், விதிப் புத்தகம், இசை சிடி எல்லாம் வைத்தார்கள். திருட்டு நகலைவிட விலை அதிகம்தான், ஆனாலும் ஜனங்கள் வாங்கினார்கள். 2008-ல் தொடங்கிய ஜிஓஜி என்ற இணையக் கடையிலும் இதே அணுகுமுறை. அதில் விற்ற கேம்களுக்கு நகல் தடுப்புப் பூட்டே கிடையாது. 2015-ல் வந்த விட்சர் 3-க்கு 16 கூடுதல் பகுதிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். இப்படித்தான் 'நம்ம கம்பெனி' என்ற பெயரை வாங்கினார்கள்.

இனி சைபர்பங்க். இதன் மூலம் பகடை உருட்டி, காகிதத்தில் ஆடும் ஓர் அமெரிக்க விளையாட்டு. மைக் பாண்ட்ஸ்மித் 1988-ல் உருவாக்கியது. அரசாங்கத்தைவிடப் பெரிய கம்பெனிகள், பணத்துக்குத் தக்கபடி கை, கண்ணையெல்லாம் இயந்திரமாக மாற்றிக்கொள்ளும் மனிதர்கள், இதுதான் அதன் உலகம். 1990-ல் வந்த இரண்டாம் பதிப்பின் பெயர் என்ன தெரியுமா? சைபர்பங்க் 2020!

சிடி ப்ராஜெக்ட் இதை வீடியோ கேமாக 2012-ல் அறிவித்தது. 2013 ஜனவரியில் வந்த முன்னோட்டத்தில் தேதியே இல்லை. தயாரானதும் வரும் என்று மட்டும் போட்டார்கள். 2019 ஜூனில் நடிகர் கியானு ரீவ்ஸை மேடையேற்றியபோது தேதியும் வந்தது: 2020 ஏப்ரல் 16. அது செப்டம்பர் 17 ஆகி, நவம்பர் 19 ஆகி, கடைசியில் டிசம்பர் 10 ஆனது. அதற்குள் முன்பதிவு மட்டும் 80 லட்சம்.

சிக்கல் எங்கே? பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் 2013-ல் வந்த இயந்திரங்கள். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். ஒரு முழு நகரத்தை மெமரியில் வைக்க இடம் போதாது. நீங்கள் காரில் போகப் போக, முன்னால் வரப்போகும் கட்டடம், ஆட்கள், வண்டிகளையெல்லாம் டிஸ்கிலிருந்து அவ்வப்போது படித்துக் கொடுக்கணும். டிஸ்க் கொஞ்சம் தாமதித்தாலும் சுவர் மங்கலாகத் தெரியும், ஆள் திடீரென முளைப்பான், படம் திக்கும். 2021 ஜனவரியில் இவின்ஸ்கியே ஒரு வீடியோவில் இதை விளக்கி மன்னிப்புக் கேட்டார். முதலில் பிசியில் பிரமாதமாகத் தெரியும்படி செய்துவிட்டு, பிறகு பழைய கன்சோல்களுக்குக் குறைத்துக் கொண்டுவரப் பார்த்தோம் என்றார்.

இதுவரை பொறியியல் பிரச்சினை. ஆனால் வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி பதிப்பை மட்டும்தான். பழைய கன்சோலில் எப்படி ஓடுகிறது என்பதைப் போதிய அளவு காட்டவில்லை என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. என் பார்வையில் கோட்டைத் தாண்டிய இடம் இதுதான். தேதி நெருக்கினால் குறையோடு வெளியிடுவது எங்கள் துறையில் சகஜம். குறை இருக்கும் இடத்தைக் காட்டாமல் காசு வாங்குவது வேறு விஷயம்.

2021 ஜூன் 21-ல் கேம் சோனி கடைக்குத் திரும்பியது. 2023 செப்டம்பரில் 2.0 பேட்சும் ஃபேண்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதையும் வந்தன. அடுத்த மாதமே மொத்த விற்பனை இரண்டரைக் கோடி என்று அறிவித்தார்கள். மூன்று வருஷம் விடாமல் உழைத்துத் திருத்தியதைப் பாராட்டத்தான் வேண்டும். இதை ஒரு மறுவாழ்வுக் கதையாகவே இப்போது பலரும் சொல்கிறார்கள்.

அந்தக் கதையில் ஒருத்தர் விடுபட்டுப் போகிறார். 2.0 பேட்ச் பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவே இல்லை. அவற்றுக்கான பெரிய திருத்தங்கள் 2022-ல் வந்த 1.6-ஓடு முடிந்துவிட்டன. முதல் நாளே காசு கொடுத்து, பழைய கன்சோலில் பொறுமையாகக் காத்திருந்தவருக்கு அந்த மறுவாழ்வு கிடைக்கவில்லை. புது இயந்திரம் வாங்க வசதி இருப்பவருக்குத்தான் நல்ல நகரம். பாண்ட்ஸ்மித் 1988-ல் கற்பனை செய்த உலகமும் ஏறக்குறைய இதுதானே?

வார்சா சந்தையில் பக்கத்துக் கடையிலேயே பாதி விலைக்குத் திருட்டு சிடி கிடைத்தது. அதனால் வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்று யோசித்தே ஆகணும். முன்பதிவில் 80 லட்சம் பேர் காத்திருக்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. அடுத்த முறை ஒரு கேமுக்கு முன்பதிவு செய்யும் முன், உங்களிடம் இருக்கிற அதே இயந்திரத்தில் அது ஓடுவதைக் காட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். காட்டவில்லை என்றால், ஒரு வாரம் பொறுக்கலாம்.