திண்ணையில் யார் படுத்தார்கள், தொழுவில் யார் படுத்தார்கள்

ஆடி மாசம் பிறந்தாச்சுன்னா எனக்கு வர்ற போன்ல பாதி ரெண்டே கேள்விதான். "குத்தாலத்துல தண்ணி விழுதா அண்ணாச்சி?" இது முதல் கேள்வி. அடுத்தது, "லாட்ஜ் வேண்டாம். பழைய காலத்து வீடா, கிராமத்துல, காலைல வீட்டுப் பலகாரத்தோட தங்க ஒரு இடம் சொல்லுங்களேன்." சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரைப் பக்கம் சூரியகாந்தி பூத்துவிட்டால் மலையாளத்தில் இருந்து காரில் வருகிறவர்களும், போட்டோ எடுத்து முடித்ததும் இதையேதான் கேட்கிறார்கள்.

இதுக்குப் பெயர் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட். மத்திய சுற்றுலா அமைச்சகம் இதற்கென்று ஒரு திட்டமே வைத்திருக்கிறது. ஆறு அறைக்கு மேல் விடக் கூடாது, வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகள் சில ஹெரிடேஜ் ஹோட்டலாகிப் பிழைத்து நிற்கின்றன. நம்ம பக்கம் இப்பத்தான் பேச்சு ஆரம்பிச்சிருக்கு. ஆனால் வெளியூர்க்காரனுக்குப் படுக்க இடம் கொடுக்கிறது இங்கே புதுசு இல்லை. யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் விஷயம்.

எங்க ஊர்ப் பேரில் இருந்தே தொடங்கலாம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆய் அண்டிரன், பொதிகை மலைக்காரன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் அவனைப் பற்றி நிறையப் பாடியிருக்கிறார். வடக்கே இமயம் இருக்கிற மாதிரி தெற்கே ஆய்க்குடி இல்லாவிட்டால் உலகமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பது ஒரு பாட்டின் கருத்து. அந்த ஆய்க்குடி இதுதான் என்று எங்க ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் மார்தட்டுவோம். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு பாட்டு. இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவிக்கு வரவு என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிற வியாபாரி இல்லையாம் ஆய். பெரியவர்கள் கொடுத்த வழி என்பதால் கொடுக்கிறானாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே, கணக்குப் பார்த்து தர்மம் செய்கிற ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது!

அப்புறம் பாதை. தென்காசியில் இருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்குப் போகிற கணவாய்தான் இந்தப் பகுதிக்குச் சோறு போட்டது. ரயில் வருவதற்கு முன்னால் எல்லாமே மாட்டு வண்டியும் தலைச்சுமையும்தான். பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் நிற்கும். ரெண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்காத பாரத்தை வழிப்போக்கன் இறக்கி வைக்கட்டும் என்பது நம்பிக்கை. அது எல்லோருக்கும் பொது. கல்லுக்குச் சாதி தெரியாது.

படுக்கிற இடத்துக்கு வந்தால் கதை மாறும். 1700-ஐ ஒட்டி மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றைக்கும் மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. தெற்கத்திச் சீமையில் பழைய ரோடு எது கண்ணில் பட்டாலும் மங்கம்மாள் சாலை என்று சொல்லிவிடுவார்கள். தஞ்சாவூரில் மராட்டிய மன்னர்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். அங்கே சரபோஜி மன்னர் 1801-இல் கம்பெனி ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சத்திரத்துக்கு வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு என்கிறார். சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது இருந்தால் கூப்பிடுவார்களாம். குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியர். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் அவர் காலத்தில் கட்டியதுதான்.

எங்க பக்கம் அப்படி இல்லை. இங்கே ஒரு தகவல் சொல்லணும், சென்னை வாசகர்கள் பலருக்குத் தெரியாது. 1956 நவம்பர் 1 வரை ஆய்க்குடி நெல்லைச் சீமையைச் சேர்ந்தது இல்லை. செங்கோட்டைத் தாலுகாவோடு சேர்ந்து திருவிதாங்கூருக்கு உட்பட்டது. பக்கத்தில் இருக்கிற தென்காசி வெள்ளைக்காரன் ஆட்சி, நாங்கள் மகாராஜா ஆட்சி. எங்க பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில், பிள்ளை வரம் கேட்டவர்கள் அனுமன் நதிப் படியில் பாயசத்தை ஊற்றிப் பிள்ளைகளைக் குடிக்க வைக்கிற 'படிப்பாயசம்' இன்றைக்கும் நடக்கிறது. வேற ஊர்க்காரங்க முதல்முறை பார்த்தா அசந்துபோவாங்க.

திருவிதாங்கூரில் சத்திரத்துக்கு அண்ணன் மாதிரி ஒன்று இருந்தது. ஊட்டுப்புரை என்று பெயர். அரசாங்கச் செலவில் இலவசச் சாப்பாடு, பிராமணர்களுக்கு மட்டும். வரி கட்டியது எல்லா விவசாயியும். நெல் விளைவித்தவன் வாசலில்கூட நிற்க முடியாது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி கோயில் நுழைவுப் பிரகடனம் வரும் வரை கோயில் வாசலும் அப்படித்தான் இருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் போனது 1939 ஜூலையில். அந்த ஒரு விஷயத்தில் மகாராஜா நாடு முந்திக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேணும்.

குற்றாலத்தின் கதை வேற. கடல் மட்டத்துக்கு 450 அடி உயரம்தான். ஆனாலும் ஆனி, ஆடியில் கணவாய் வழியாக மேற்குக் காத்து சாரலைக் கொண்டுவந்து கொட்டும், ஏதோ மலை உச்சியில் இருக்கிற மாதிரி குளிரும். கம்பெனிக்காரர்கள் ஜாதிக்காய், கிராம்பு என்று வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டார்கள். பின்னாலேயே துரைமார்கள் சீசனுக்கு வந்து தங்க பங்களாக்கள் எழுந்தன. திருவிதாங்கூர் ராஜாக்களும் அங்கே அரண்மனை கட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், 1956-இல் நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம், தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிற அந்த அரண்மனை கேரள அரசின் கையிலேயே நின்றுவிட்டது. ஐம்பது ஏக்கருக்கு மேல் தோட்டம். கேரளப் பொதுப்பணித் துறை பார்த்துக்கொள்கிறது, அறையும் வாடகைக்கு விடுகிறது. பழமையான இடத்தில் தங்கணும்னு என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குற்றாலத்தில் இன்னொரு வீடு உண்டு. ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு. ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். அருவிக் குளியல், இலை போட்டுச் சாப்பாடு, அப்புறம் கம்பராமாயணம். வந்தவர்கள் கிளம்ப மனசில்லாமல் கிளம்புவார்களாம். 1954-இல் அவர் போன பிறகு, குற்றாலத்தில் அப்படி ஒரு விருந்து வீடு அமையவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பொதுஜனம் தங்கினது எங்கே? 1904-இல் கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கியதும் வண்டிப்பேட்டைகளுக்குக் கூட்டம் குறைந்தது, ஸ்டேஷனை ஒட்டிக் காபி கிளப்பும் லாட்ஜும் வந்தன. சத்திரத்தில் காசு கேட்கவில்லை, என்ன ஆட்கள் என்று கேட்டார்கள். லாட்ஜில் காசு கேட்டார்கள். மற்றக் கேள்வி உடனே நின்றுவிடவும் இல்லை. நெல்லை மாவட்டத்துச் சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதால் 1924-25-இல் தமிழ்நாடே ரெண்டுபட்டது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் தனி இடம் ஒழிந்தது 1941-இல். ஹோட்டலுக்குள் சாதி பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று 1950-இல் அரசியல் சட்டத்திலேயே, 15-ஆவது பிரிவில், எழுதி வைத்தார்கள். ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் சாப்பாட்டுக் கடையைப் பேர் சொல்லி எழுத வேண்டியிருந்தது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும்!

இதையெல்லாம் நான் கிளறுவதற்குக் காரணம் எங்க தாத்தா வீடு. திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, பின்னால் தொழு. சென்னையில் இருக்கிற என் தம்பிக்கு இதை ஹோம்ஸ்டே ஆக்கணும்னு ஆசை. செலவுக் கணக்கு போட்டாச்சு. கார் போகம் நட்டு, பிசானமும் நட்டு, ரெண்டு போகத்திலும் கையில் நிற்காத காசு ஒரே சீசனில் நிற்கும் என்கிறான். அது பொய் இல்லை. எனக்கும் வேண்டியதுதான். விளம்பரத்துக்கு அவனே எழுதி அனுப்பினான். 'வழிப்போக்கர் அனைவரையும் வரவேற்ற நூற்றாண்டுத் திண்ணை.'

அந்த 'அனைவரையும்' என்பதை அடித்துவிட்டேன். செங்கோட்டையில் இருந்து வண்டியோடு வந்தவர்களில் சிலர் திண்ணையில் படுத்தார்கள். அவர்களுக்குப் பாயும் தலையணையும் வந்தது, காலையில் இட்லியும் எள்ளுத் துவையலும் வந்தது. அதே பாரத்தை இழுத்து வந்த வேறு சிலர் தொழுவில், மாட்டுக்குப் பக்கத்தில் வைக்கோலில் படுத்தார்கள். அவர்களுக்குத் தண்ணீரை உசரத்தில் இருந்து கையில் ஊற்றுவார்கள், குடிக்க சிரட்டை. இது எங்க அப்பா சொன்னது, தாத்தாவைக் குறை சொல்லிச் சொன்னது இல்லை, சாதாரணமாகச் சொன்னது. அப்படி இருந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

நம்ம வயக்காட்டில் வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கார். அவங்க அய்யா வண்டியோட்டி. விளம்பர விஷயத்தைச் சொன்னேன். "எங்க அய்யா உங்க தொழுவைப் பத்திச் சொல்லுவாரு தம்பி. சாரல் காலத்துல கெழக்கு மூலை ஒழுகுமாம். ராத்திரி பூரா சாக்கைப் போட்டு நெல்லைத்தான் மூடிக்கிட்டு இருந்தேம்பாரு" என்றார். அந்த நெல் எங்க தாத்தா நெல்.

வர்றவங்களுக்குக் கொடுக்கிற தாளில் திண்ணையோடு தொழுவைப் பத்தியும் நாலு வரி போடணும், இல்லைன்னா வீட்டைத் திறக்க வேண்டாம்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். "அண்ணே, லீவுக்கு வர்றவங்க இதைப் படிச்சிட்டு எப்படி நிம்மதியாத் தூங்குவாங்க?" என்றான். ரெண்டு நாள் கழித்து அவனே மறுபடி கூப்பிட்டான். தொழுவில் நாலு மாடு கட்டுகிற இடத்தைத் தடுத்து, ஓடு மாற்றி, பாத்ரூம் வைத்துவிட்டால் அதுதான் எல்லாவற்றிலும் அதிக வாடகைக்குப் போகுமாம். பட்டணத்தில் அதுக்குத்தான் கிராக்கியாம்.

தீபாவளிக்கு வரும்போது பேசிக்கிடலாம்னு சொல்லியிருக்கேன். கிழக்கு மூலை இன்னும் ஒழுகத்தான் செய்யுது.