தட்டும் தடவலும்

ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் உட்கார முடியும். அப்படியொரு நாளில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வர்ம ஆசான் ஒருவரின் வைத்தியசாலைக்குப் போனேன். சென்னையில் வேலை பார்க்கிறவன். மூன்று வருடமாகச் சாயங்காலங்களில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு படிக்கிறான், இடுப்பில் நீலப் பெல்ட். கூடப் படிக்கிற ஒருவன் கையை முறுக்கியதில் வலது தோள் பிடித்துக்கொண்டது.

ஆசான் தோளைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "இத யாருகிட்டடே படிச்சே?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல அவன் ஒப்பித்தான். தன் மாஸ்டருக்குக் கறுப்புப் பெல்ட் கட்டியவர், அவருக்குக் கட்டியவர் என்று படிப்படியாக ஏறி, கிரேசி குடும்பத்துக்குப் போய், மயேடாவைத் தொட்டு, கானோவில் நின்றான். ஆசான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "எங்களுக்கு அகத்தியர்" என்றார்.

"அவருக்கும் உங்களுக்கும் நடுவுல?"

"எங்கப்பா. அவருக்கு முந்தி தாத்தா."

அதற்கு மேல் அவர் போகவில்லை.

வீட்டுக்கு வந்து பையன் சொன்ன வரிசையின் மேல்முனையைச் சரிபார்த்தேன். ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் இடம் பிடித்து கோடோகன் என்ற கூடத்தைத் தொடங்கினார். அங்கே ஜூடோ படித்த மிட்சுயோ மயேடா 1904இல் அமெரிக்காவுக்குப் போய், நாடு நாடாக மல்லுக்கட்டிப் பிழைத்து, 1914இல் பிரேசிலில் இறங்கி, பெலெம் நகரத்தில் குடியேறினார். அந்த ஊரில் வளர்ந்த கார்லோஸ் கிரேசி அவரிடம் படித்தார். கார்லோஸிடமிருந்து தம்பி எலியோவுக்கும் மற்றவர்களுக்கும் வித்தை போயிற்று. தலைமுறைக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு வருடம்.

ரொம்பச் சுத்தமான கணக்கு என்று நம்பிவிட வேண்டாம். கார்லோஸ் மயேடாவிடம் நேரடியாக எவ்வளவு காலம் படித்தார் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ரியோ புறநகரில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஓஸ்வால்டோ ஃபாடா கிரேசி வழி வந்தவரே அல்ல. அவர் படித்தது லூயிஸ் ஃபிரான்சாவிடம். 1950களில் ஃபாடாவின் பையன்கள் கிரேசி கூடத்துக்குச் சவால் விட்டு, அங்கே இளக்காரமாக நினைத்த கால்பூட்டுகளை வைத்தே ஜெயித்தார்கள். ஆனாலும் உலகம் தெரிந்துவைத்திருப்பது கிரேசி பெயரைத்தான். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த சண்டைப் போட்டியில், 80 கிலோ அளவில் இருந்த ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்ததோடு அந்த விவாதத்தைக் கேட்பாரில்லை. பரம்பரைப் பட்டியல் என்பது பாதி விளம்பரம். அல்வாக் கடைக்காரர் 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்று போர்டு மாட்டுகிறாரே, அந்தச் சங்கதிதான்.

நம்மூர் வித்தைக்கு அடிமுறை, வர்ம அடி, தெக்கன் களரி என்று பல பெயர். வடக்கன் களரிக்காரர்கள் பரசுராமரைச் சொல்வார்கள். தெக்கன்காரர்களுக்குப் பொதிகை மலை அகத்தியர். அகத்தியருக்கும் ஆசானின் தாத்தாவுக்கும் நடுவில் பெரிய வெற்றிடம். அதை மறதி என்று நான் நினைக்கவில்லை. பெயர்ப் பட்டியலுக்கு இங்கே வேலை இருந்ததில்லை. ஏடு யார் வீட்டில் இருக்கிறது, அதற்கு வாய்விளக்கம் யாருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. உடம்பின் உயிர்நிலைகளான வர்மம் 108, அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, தொடுவர்மம் 96. திலர்தகாலம் என்று ஏட்டில் கண்டால், பொட்டு வைக்கிற இடம் என்று எவரும் ஊகிக்கலாம். எந்த விரல், எவ்வளவு அழுத்தம், பட்டால் என்ன குறி காட்டும், எங்கே தட்டினால் இளகும் என்பதெல்லாம் ஆசான் வாய் திறந்தால்தான் உண்டு. குமரி மாவட்ட ஆசான்களோடு பழகி 2015இல் நூல் எழுதிய ரோமான் ஸீலர் என்ற ஆய்வாளர், இந்த ரகசியத்துக்கே அதில் பெரிய இடம் கொடுத்திருக்கிறார்.

பன்னிரண்டு வருடம் பணிவிடை செய்தவனுக்குத்தான் கொடுக்கலாம் என்பது இங்கே மரபு. அங்கே கறுப்புப் பெல்ட்டுக்கு ஏறக்குறைய பத்து வருடம். காலக்கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று அவர்களுக்கு வழியெல்லாம் மைல்கல். இங்கே முதல் வருடத்துச் சீடனுக்கும் பதினோராம் வருடத்துச் சீடனுக்கும் இடுப்பில் அதே துண்டு.

ஜப்பான்காரன் ஒழுங்கு, நம்மாள் மூடுமந்திரம் என்று பேசிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கானோ செய்த ஒரு காரியத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஜப்பானியரின் பழைய ஜுஜுட்சுவிலும் உயிர்நிலைகளில் அடிக்கிற வித்தை உண்டு. அத்தேமி என்பார்கள், நம் வர்ம அடிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். கானோ அதைத் தூக்கி எறியவில்லை. யார் எப்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே தீர்மானித்த கத்தா வரிசைகளுக்குள் போட்டுப் பூட்டினார். தூக்கி எறிவது, அமுக்கிப் பிடிப்பது, கழுத்தை நெரிப்பது, மூட்டைப் பூட்டுவது ஆகியவற்றைத்தான் களத்துக்கு விட்டார். இவற்றை முழு மூச்சோடு செய்து பார்க்கலாம். மாட்டிக்கொண்டவன் கையால் இரண்டு தட்டு தட்டினால் பிடித்தவன் அந்த நொடியே விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். கையை முறிக்கிற வித்தையை, கை முறியாமல், தினமும் பழகிப் பார்க்க வழி பிறந்தது. மயேடா பிரேசிலுக்குக் கொண்டுபோனது பூட்டுகளை மட்டுமல்ல, இந்தத் தட்டையும்தான்.

வர்ம அடிக்கு அந்த வசதி இல்லை. படுவர்மத்தில் அடி விழுந்தபிறகு தரையைத் தட்டி என்ன பிரயோசனம்? இங்கேயும் தட்டு உண்டு, ஆனால் வேறு வேலைக்கு: வர்மம் கொண்டு மயங்கிக் கிடப்பவனை எழுப்ப ஆசான் தட்டுவது. அங்கே அகப்பட்டவன் தட்டுகிறான், இங்கே வைத்தியன் தட்டுகிறான்.

களத்தில் காட்ட முடியாத வித்தைக்குக் குருவின் பெயரை விட்டால் வேறு ஜாமீன் இல்லை. போலிக் கறுப்புப் பெல்ட்காரனை அக்கா மகன் மாதிரி ஒரு பையன் ஐந்து நிமிடத்தில் பிரித்து வைத்துவிடுவான். போலி வர்ம ஆசானை என்ன செய்து கண்டுபிடிப்பது? 1996இல் வர்ம அடியைக் காட்டிய 'இந்தியன்' படம் வந்தபோதும், 2020இல் அடிமுறையை வைத்துப் 'பட்டாஸ்' வந்தபோதும் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு திரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரகசியம் நல்ல ஆசானுக்கு வேலி. கள்ள ஆசானுக்கும் அதே வேலிதான்.

ஆனால் ஆசான்களுக்கும் ஒரு களம் உண்டு, அது வைத்தியசாலைத் திண்ணை. பனையிலிருந்து விழுந்தவனும் பைக்கிலிருந்து விழுந்தவனும் அங்கேதான் வருகிறார்கள். எண்ணெய் தடவி, நெளிவு எடுத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி அனுப்புகிறார். எலும்பு நேராகக் கூடினால் ஊர் அவரை ஆசான் என்னும். கோணிக்கொண்டால் சனம் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடும். அடிமுறைக்குப் பரீட்சை தடவுமுறையில்தான் நடக்கிறது.

அடிமுறை இப்படித் தடவுமுறைக்கு ஒதுங்கியதற்கு ஆரல்வாய்மொழியே ஒரு காரணமோ என்றுகூட எனக்கு யோசனை உண்டு. இந்தக் கணவாய் திருவிதாங்கூரின் கிழக்கு வாசல். 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார். அந்நிய மண்ணில் ஆசானானவர்களில் மயேடாவுக்கு மூத்தவர் அவர். 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் அரணை ஆங்கிலேயர் இந்தக் கணவாயில்தான் உடைத்தார்கள். அதன் பிறகு திருவிதாங்கூர்ப் படையில் பெரும்பகுதி கலைந்தது. அடிக்கிற கைக்கு வேலை போய், தடவுகிற கைக்கு வேலை மிஞ்சியது. முழுக் காரணமும் இதுதான் என்று சாதிக்க மாட்டேன். துப்பாக்கி அதற்கு முன்பே பாதியை முடித்திருந்தது.

அன்றைக்கு வைத்தியசாலையில் அக்கா மகனின் தோளில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது ஆசான் கேட்டார், எந்தப் பிடியில் இப்படி ஆயிற்று என்று. கிமுரா என்றான். பெயருக்கும் கதை உண்டு. 1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கத்தில் மசாஹிகோ கிமுரா என்ற ஜப்பானியர் எலியோ கிரேசியின் கையை முதுகுப்பக்கம் மடக்கி முறுக்கினார். எலும்பு முறிந்தும் எலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் துண்டை எறிந்து நிறுத்தினார். தோற்ற வீட்டார் அந்தப் பூட்டுக்கு ஜெயித்தவன் பெயரையே வைத்துக்கொண்டார்கள். நம் பையன் எலியோ அளவுக்குப் போகவில்லை, ஒரு நொடி தாமதமாகத் தட்டியிருக்கிறான்.

"போட்டுக் காட்டு பாப்போம்."

பாலிடெக்னிக் படிக்கிற பேரனைக் கூப்பிட்டுப் பாயில் படுக்க வைத்தார். அக்கா மகன் வலிக்கிற கையைப் பார்த்துப் பார்த்து வைத்து, பேரனின் மணிக்கட்டைப் பிடித்து, தன் இன்னொரு கையால் கொக்கி போட்டு, மெதுவாக மடக்கினான். ஆசான் குந்தி உட்கார்ந்து பேரனின் தோள்மூட்டில் இரண்டு விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். எங்கே இறுகுகிறது, எந்த இடத்தில் விடப் பார்க்கிறது என்று விரல் தேடிக்கொண்டிருந்தது. பேரன் பாயை இரண்டு தட்டு தட்டினான். அக்கா மகன் உடனே விட்டுவிட்டான்.

ஆசான் கண்ணைத் திறந்து பேரனை முறைத்தார். "அதுக்குள்ள எதுக்குடே தட்டுதே? இன்னொரு மட்டம் போடட்டும், நான் பாத்து முடிக்கல."