காஞ்சிபுரத்தில் தொடக்க வகுப்புக் கற்றல் பொருள்கள்

கற்றல் பொருள்கள் என்பவை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகள் எழுத்தையும் எண்ணையும் தொட்டுப் பழக உதவும் அட்டை, மணி, கட்டை, படம், சிறு நூல், பொம்மை முதலியன. அவற்றை எங்கே வைப்பது, எந்த வரிசையில் கொடுப்பது, ஊருக்கும் குழந்தைக்கும் ஏற்ப எப்படி மாற்றுவது என்பது தொடக்கப் பள்ளி ஆசிரியரின் அன்றாட வேலை. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் எண்ணவும் அடுக்கவும் நிறம் பிரிக்கவும் ஏற்ற பொருள்கள் தெருத் தெருவாகக் கிடைக்கின்றன. அதே பொருள்களின் நடுவில்தான் ஒரு காலத்தில் பள்ளிக்கே வராத குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் வகுப்பறைக்கு எது பொருந்தும் என்பது புரியும்.

தறியும் பள்ளியும்

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என ஊடை நூலைக் கொண்டுசெல்லும் மூன்று நாடாக்களால் நெய்து, இரண்டையும் இழைக்கு இழை கோத்துச் சேர்ப்பார்கள். இதற்கு நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் இருந்து மறுபக்க நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் சிறுவர்களும் சிறுமிகளும் இருந்தார்கள். சிலர் வீட்டுப் பிள்ளைகள். சிலர் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில் உட்கார்ந்தவர்கள். பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக உழைத்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலும், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இலும் வந்தன. வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்காக அத்திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் நடந்தன. தொண்டு நிறுவனங்களும் இணைப்புப் பள்ளிகள் நடத்தின. கற்றல் பொருள்களை ஒழுங்குபடுத்துவது எவ்வளவு அவசரமான தேவை என்பதை ஆசிரியர்களுக்கு உணர்த்தியவை இத்தகைய பள்ளிகள்தாம். ஒரே அறையில் ஒன்பது வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் இருப்பார்கள். ஒருவருக்கு ‘அ’ தெரியாது. மற்றவர் நூறு வரை எண்ணுவார், எழுத மாட்டார். எல்லாரும் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்ல அங்கே வழியே இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் இடத்திலிருந்து அடுத்த படிக்குப் போக, தானே எடுத்துச் செய்யத்தக்க பொருள் வேண்டும்.

இந்தத் தேவையிலிருந்து பிறந்த முறைதான் பின்னர் தமிழ்நாடு முழுவதும் பரவியது. 1990களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் ஈடுபாடு காட்டிய எம்.பி. விஜயகுமார், பிறகு சென்னை மாநகராட்சி ஆணையராக 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிவைத்தார். அதன் அட்டை முறைக்கு ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளி முன்மாதிரி. சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்காக அங்கே ஒரு பெட்டிக்குள் பள்ளி முழுவதையும் அடக்கும் அட்டைத் தொகுப்பை உருவாக்கியிருந்தார்கள். சென்னை ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவந்து தங்கள் அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். 2007-08இல் இம்முறை காஞ்சிபுரம் உட்பட மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குச் சென்றது.

செயல்வழிக் கற்றல் வகுப்பறை

செயல்வழிக் கற்றல் வகுப்பறையின் அமைப்பையே மாற்றியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. தலைக்கு மேல் கம்பிப்பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் அதில் தொங்கவிட்டார்கள். பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, அட்டைக்கு ஓர் எண், ஒவ்வொரு வகைச் செயலுக்கும் பறவை, விலங்கு, வாகனம் போன்ற ஒரு சின்னம் என அமைத்தார்கள். எந்த அட்டைக்குப் பின் எது என்பதைச் சுவரில் ஒட்டிய கற்றல் ஏணி காட்டியது. பிள்ளை ஏணியைப் பார்த்து, அதே சின்னமுள்ள தட்டைத் தேடி, தன் அட்டையை எடுத்துக்கொண்டு உரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் முழுமையாக உதவும் குழு ஒன்று, கூடப் படிக்கும் பிள்ளை உதவும் குழு ஒன்று, தானே செய்யும் குழு ஒன்று எனக் குழுக்கள் இருந்தன. முடித்த அட்டையை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் உயிர் வரிசையில் இருக்கிறது. தறியின் மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டை ஒன்று இடம் மாறினால் கரையில் பூ கெட்டுவிடும் என்பது காஞ்சிபுரத்துப் பெற்றோருக்குத் தெரியும். ஏணியில் ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் படியில் எல்லாப் பிள்ளைகளும் நின்றுவிடுவதும் அப்படித்தான். ஆகவே அட்டையின் பின்புறம் எண் எழுதுவதும், மாலையில் தட்டைச் சரிபார்ப்பதும், கிழிந்ததற்குப் பதில் அன்றே ஒன்று எழுதி வைப்பதும் கற்பித்தலின் பகுதிகளே. இவற்றை எழுத்தர் வேலை என்று ஒதுக்கிய பள்ளிகளில் ஏணி சுவரில் மட்டும் மிஞ்சியது.

முறையில் குறைகளும் இருந்தன. பையில் பாடநூல் வராததால், பிள்ளை என்ன படிக்கிறது என்பதை வீட்டில் அறிய முடியவில்லை. எல்லா ஊருக்கும் ஒரே அட்டை அச்சிடப்பட்டதால், ரிஷி பள்ளத்தாக்கிலும் சென்னையிலும் ஆசிரியர்கள் கையால் எழுதிய காலத்தில் இருந்த ஊர்வாசம் போய்விட்டது. பின்னர் எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் வந்தபோது பாடநூலும் திரும்ப வந்தது.

கொரோனாக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த இத்திட்டம் அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் பயில்கிறார்கள். பயிற்சி நூலும் நிலைக்கேற்பவே அமைந்திருக்கிறது. வகுப்பறையைப் பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம், பொம்மலாட்டக் களம் எனப் பிரிக்கிறார்கள். இட ஒழுங்கு என்ற அளவில் இது நல்ல மாற்றம். ஆயிரக்கணக்கான அட்டைகளைக் காப்பதைவிட நான்கு மூலைகளைக் காப்பது ஓராசிரியருக்கு எளிது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் சிறு பள்ளிகளில் இதன் பயன் கூடுதல்.

தறியிலிருந்து வகுப்பறைக்கு

காஞ்சிபுரத்தில் நெசவைப் பாடத்துக்குள் கொண்டுவரும்போது ஒரு வரலாற்றை மறக்கக் கூடாது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மற்ற நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்ற இதைப் பெரியாரும், காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணாவும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எனவே ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி வகுப்புக்கு வரலாம். தார் சுற்றும் வேலை வரக் கூடாது. தறியின் பொருளைக் கொண்டு எண்ணவும் படிக்கவும் கற்றுக்கொடுப்பதும், தறி வேலைக்குப் பழக்குவதும் வேறு வேறு. ஏழு வயதுப் பிள்ளையின் கையில் முதலாவது மட்டுமே இருக்க வேண்டும்.

அந்த எல்லைக்குள் கிடைப்பவை ஏராளம். வெற்றுத் தார்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால் ஒன்றுகளும் பத்துகளும் கண்ணுக்குத் தெரியும். பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் நூறு. பழைய ஜக்கார்டு அட்டைகளின் துளைகளில் தடித்த நூலைக் கோக்கலாம். பென்சில் பிடிப்பதற்கு முன் விரலுக்கு அது நல்ல பயிற்சி. கழிவு நூலை அட்டையில் எழுத்து வடிவில் ஒட்டினால் தடவிப் பார்க்கும் எழுத்து கிடைக்கிறது. கல்வியாளர் மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளின் உள்ளூர் வடிவம் இது. 1939இல் அடையாறுக்கு வந்து, போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கிய அவர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஊர் காஞ்சிபுரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கும் நூல் எழுத்து உதவும்; மற்றப் பிள்ளைகளோடு ஒரே தட்டைப் பகிர்ந்துகொள்ளவும் முடியும்.

கணக்குக்குச் சேலையைவிட வளமான பாடநூல் இந்த ஊரில் வேறில்லை. கட்டம் போட்ட சேலைப் படத்தில் ஒரு வரிசைக்கு எத்தனை கட்டம், எத்தனை வரிசை என்று எண்ணும்போதே பெருக்கல் தொடங்கிவிடுகிறது. கரையில் மயில், யானை, மயில், யானை என்று வரும் வரிசையில் அடுத்தது எது என்று கேட்டால் அது அமைப்பு பற்றிய பாடம். கோபுரக் கரையில் முக்கோணமும், மடித்த சேலையில் பாதியும் காலும் இருக்கின்றன. புதுக் கரை வடிவங்களை நெசவுக்கு முன் கட்டம் போட்ட தாளில்தான் வரைகிறார்கள். அதுபோன்ற தாளைக் கொடுத்துப் பிள்ளைகளையே ஒரு புட்டா (சிறு பூவேலை) வரையச் சொன்னால், இடம், வலம், மேல், கீழ், சமச்சீர் எல்லாம் ஒரே பக்கத்தில் பழகிவிடும்.

மொழிப் பாடத்துக்கு வரிசைப் படங்கள் ஏற்றவை. நூலுக்குச் சாயம் ஏற்றுவது, தெருவில் பாவு நூலை நீட்டிச் சரிசெய்வது, தார் சுற்றுவது, நெய்வது, மடித்துப் பெட்டியில் வைப்பது என ஐந்து படங்களைக் கலைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் அடுக்குவார்கள், அடுக்கும்போதே பேசுவார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இங்கே முந்திக்கொண்டு பேசக்கூடும். தனக்குத் தெரிந்த ஒன்றை ஆசிரியர் கேட்கிறார் என்பதே அதற்குக் காரணம். ட, ப, ம போன்ற எளிய வடிவ எழுத்துகளில் தொடங்கும் முறையில் ‘படம்’ சீக்கிரமே வந்துவிடும். ‘பட்டு’, ‘பட்டம்’ இரண்டும் அதன் பின்னாலேயே வரலாம். நெசவாளர் வீடுகள் பலவற்றில் தெலுங்கு பேசப்படுகிறது. படத்துக்குக் கீழே எழுதும் தமிழ்ச் சொல்லைச் சொல்லும் முன், வீட்டில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்பது அப்பிள்ளைகளுக்குத் துணிவு தரும்.

எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடவும் கூடாது. நாடாவின் உலோக முனை கூரானது. ஜரிகைத் துணுக்கு விரலைக் கீறும். சாயம் முழுதும் போகாத நூலைச் சிறு பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். தார்க்குச்சியைக் கழுவி, விரிசல் பார்த்து, நூலைத் துவைத்துக் காயவைத்த பிறகே தட்டில் வைக்க வேண்டும்.

கோயில்கள்

கோயில்களைக் கட்டடங்களாகவும் சிற்பக் கூடங்களாகவும் பார்க்கும்போது எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் அவை பொதுவாகின்றன. வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 96. இரண்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல எண் கிடைப்பது அரிது: நூறுக்கு எத்தனை குறைவு, எட்டு எட்டாக அடுக்கினால் எத்தனை வரிசை, ஆறு ஆறாக அடுக்கினால் எத்தனை என்று தார்க்குச்சிகளை வைத்தே செய்து பார்க்கலாம். வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபத்தில் பல்லவர் வரலாறு வரிசைச் சிற்பங்களாக இருக்கிறது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் விதானத்தில் ஓவியங்கள் வரிசை வரிசையாகக் கதை சொல்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்த வகுப்பு கதைக் களத்தில் தன் கதையைக் கட்டம் கட்டமாக வரையலாம்.

வைப்பும் காப்பும்

நெசவாளர் குடியிருப்பில் பல வீடுகளில் பெரும்பகுதி இடத்தைக் குழித்தறி எடுத்துக்கொள்கிறது. பிள்ளைக்கென்று ஓர் அலமாரித் தட்டு கூட இராது. எனவே வீட்டில் வண்ணப் பென்சில் இருக்கும், பழைய பத்திரிகை இருக்கும் என்று எண்ணி வேலை கொடுப்பது அப்பிள்ளைகளுக்கு அநீதி. வகுப்பறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரும் சின்னமும் ஒட்டிய ஒரு சிறு பெட்டி வேண்டும். சேலை வரும் அட்டைப் பெட்டியே போதும். அந்த ஒன்று மட்டுமாவது தனக்குரியதாக இருந்தால் பொருளைப் பேணும் பழக்கம் தானே வரும்.

பொருள்களைப் பிள்ளையின் இடுப்பளவு உயரத்தில் வைக்க வேண்டும். படிக்கத் தெரியாத வயது என்பதால் தட்டின் மேல் படம் ஒட்ட வேண்டும். ஒரு தட்டில் ஐந்தாறு பேருக்கான தொகுப்பு போதும். ஐம்பது தார்க்குச்சிகளை ஒரே வாளியில் கொட்டினால் அது விளையாட்டாகவே முடியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே வைக்காமல், அந்தப் பருவத்துப் பாடத்துக்குரியதை மட்டும் வைத்து மற்றதைத் துணிப்பையில் கட்டி எழுதி வைப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தரையோடு வைத்த அட்டைகளைக் கரையான் அரிக்கும். ஐப்பசிக்கு முன் அவற்றை மேல்தட்டுக்கு மாற்ற வேண்டும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், செயல்வழியாகவும் தேடிக் கண்டறிந்தும் குழந்தை கற்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் கற்றல் கருவிகளும் விளையாட்டுப் பொருள்களும் தர வேண்டும் என்று அதன் அட்டவணை கூறுகிறது. பள்ளிகளுக்குக் கணிதப் பெட்டிகளும் வந்திருக்கின்றன. ஆனால் பெட்டி இருப்புப் பதிவேட்டில் ஏறியவுடன் அதைப் பூட்டி வைக்கும் எண்ணமும் வந்துவிடுகிறது. ஒரு மணி தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் நேர்மையான தலைமை ஆசிரியரையே அதிகம் வாட்டும். குழந்தை கையில் தேய்ந்ததையும் தொலைந்ததையும் ஆண்டுதோறும் எளிய குறிப்பு ஒன்றின் மூலம் இருப்பிலிருந்து நீக்கத் தலைமை ஆசிரியர்களுக்கு அதிகாரம் தரப்பட வேண்டும். பள்ளிகளைப் பார்வையிட வரும் அலுவலர்களும் பெட்டி எத்தனை என்று எண்ணாமல், எந்தப் பெட்டி அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போக வேண்டும்.